உரித்துப் போட்ட சட்டை: சத்யஜித் ராயின் பேய்க்கதைகளில் தொடர்ந்து வரும் கேள்விகள்

1960-ல் சத்யஜித் ராய் 'தேவி' படத்தை எடுத்தார். மருமகள் காளியின் அவதாரம் என்று மாமனார் கனவு காண்கிறார். அந்தக் கனவை ஊரே நம்புகிறது. அந்த நம்பிக்கையின் பாரம் தாங்காமல் ஓர் இளம்பெண் நொறுங்கிப்போகிறாள். 1965-ல் போலிச் சாமியாரின் முகமூடியைக் கிழித்த 'மகாபுருஷ்' வந்தது. 1989-ல் 'கணசத்ரு'. கோயில் தீர்த்தத்தில் நோய்க்கிருமி இருக்கிறது என்று சொன்ன மருத்துவரை ஊரே பகைத்துக்கொள்ளும் கதை அது. பிரம்ம சமாஜக் குடும்பத்தில் பிறந்து, மூடநம்பிக்கையைத் தம் கேமராவால் ஓயாமல் எதிர்த்து நின்ற இந்த மனிதர்தான், 1970-களின் தொடக்கத்தில் 'ககம்' என்ற சிறுகதையையும் எழுதினார். அதில் ஒரு சாமியார் சாபமிடுகிறார். பகுத்தறிவு பேசிய ஒருவர் பாம்பாகிப் போகிறார்.

இந்த முரண்பாட்டைப் பற்றிக் கேட்டால் வழக்கமாக ஒரு பதில் வரும். படம் பெரியவர்களுக்கு, கதை பிள்ளைகளுக்கு. பிள்ளைகளுக்குப் பேய் வேண்டும், அவ்வளவுதான் என்பார்கள். இந்தப் பதிலை நான் ஏற்கவில்லை. ராயின் பேய்க்கதைகளை வரிசையாகப் படித்து வந்தால், பேய் உண்டா இல்லையா என்ற வழக்கில் அவருக்குப் பெரிய அக்கறை இல்லை என்பது புரியும். அவருடைய கேள்வியே வேறு. தனக்கு எல்லாம் தெரியும் என்று உறுதியாக இருப்பவன் கண்ணுக்கு எதிரே நிற்கும் இன்னொரு உயிர் தெரிகிறதா? 'தேவி'யின் மாமனாருக்கு மருமகள் தெரியவில்லை, காளிதான் தெரிந்தாள். 'ககம்' கதையின் தூர்ஜடிபாபுவுக்குப் பாம்பு தெரியவில்லை, மூடநம்பிக்கைதான் தெரிந்தது. பக்தரும் பகுத்தறிவாளரும் செய்த பிழை ஒன்றே.

இந்தக் கதைகள் பிறந்த இடத்தைச் சொல்லிவிட வேண்டும். ராயின் தாத்தா உபேந்திரகிஷோர் ராய்சௌதுரி 1913-ல் கல்கத்தாவில் 'சந்தேஷ்' என்ற சிறுவர் இதழைத் தொடங்கினார். வங்காளியில் அந்தச் சொல்லுக்குச் செய்தி என்றும் பொருள், இனிப்பு என்றும் பொருள். தந்தை சுகுமார் ராய் 1923-ல் இறந்தபோது சத்யஜித்துக்கு இரண்டு வயது. நின்றுபோன அந்தக் குடும்ப இதழை 1961-ல் கவிஞர் சுபாஷ் முகோபாத்யாயுடன் சேர்ந்து அவர் மீட்டெடுத்தார். பக்கங்களை நிரப்பக் கதை வேண்டியிருந்தது; எழுதத் தொடங்கினார். 1970-ல் 'ஏக் டஜன் கப்போ', அதாவது ஒரு டஜன் கதைகள், நூலாக வந்தது. அதன்பின் பன்னிரண்டு பன்னிரண்டாகத் தொகுப்புகள் வந்தன. 1992-ல் அவர் மறைந்த பிறகு வெளியான பெருந்தொகுப்பில் 101 கதைகள் இருக்கின்றன. எல்லாம் பேய்க்கதைகள் அல்ல. ஆனால் இருட்டும் தனிமையும் அச்சமும் உள்ளவை ஏராளம், அவருடைய மிகச் சிறந்தவையும் அவற்றில்தான் இருக்கின்றன.

வங்காளத்தில் பேய்க்குப் பஞ்சமில்லை. வில்வ மரத்தில் குடியிருக்கும் பிராமணப் பேய் பிரம்மதைத்யன். சங்கு வளையல் போட்ட சுமங்கலிப் பேய் சாக்சுன்னி. மீன் வாசனைக்கு அலையும் பேய் மேச்சோ பூத். தலையில்லாத முண்டம் ஸ்கந்தகாட்டா. இரவில் தெரிந்தவர் குரலில் பெயர் சொல்லி அழைக்கும் நிஷி. நாம் தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் அதே சதுர்த்தசி அங்கே பூத சதுர்த்தசி. அன்று பதினான்கு வகைக் கீரை சமைத்து, பதினான்கு விளக்கு ஏற்றுவார்கள். இத்தனை பேர் வரிசையில் நிற்க, ராயின் கதைகளில் இவர்களுக்கு இடமே இல்லை. 1969-ல் எடுத்த 'கூபி காயின் பாகா பாயின்' படத்தில் மட்டும் ஒரு பெரும் பேய்க்கூட்டத்தை ஆட விட்டார். அரசப் பேய், குடியானவப் பேய், வெள்ளைக்காரப் பேய், தொந்திப் பேய் என்று நான்கு வகுப்பு. அந்த ஆட்டத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட வாத்தியங்கள் நம்முடைய மிருதங்கம், கடம், கஞ்சிரா, மோர்சிங். பாட்டே இல்லாமல் தாளத்தால் மட்டும் பேய்களைப் பேச வைத்த அந்தக் காட்சியைப் பார்க்கும்போது தமிழனுக்கு ஒரு சொந்தம் தோன்றத்தான் செய்யும். ஆனால் அது கொண்டாட்டம். கதைகளில் அவர் போன வழி வேறு.

வங்காளியில் 'பூத்' என்ற சொல் பேயையும் குறிக்கும், கடந்த காலத்தையும் குறிக்கும். ஐம்பூதம் என்று நாம் சொல்வதும் பூதகாலம் என்று வடமொழி இலக்கணம் சொல்வதும் அதே வேரிலிருந்து வந்தவைதான். ராயின் கதைகளில் பேய் என்பது பெரும்பாலும் முடிந்துவிட்டது என்று நாம் நினைத்த ஒன்று. கணக்கு முடியாததால் அது திரும்பி வருகிறது. வரும்போது வாசலில் நின்று பயமுறுத்திவிட்டுப் போவதில்லை, நம் உடம்புக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

அது வரும் இடமும் கவனிக்க வேண்டியது. இந்தக் கதைகளின் நாயகர்கள் பெரும்பாலும் கல்கத்தாக்காரர்கள். நடுத்தர வயது, மணமாகாதவர்கள், அலுவலக ஊழியர்கள், தனியாக இருந்து பழகியவர்கள். ஆனால் பேய் அவர்களைக் கல்கத்தாவில் பிடிப்பதில்லை. உடம்பு தேற 'சேஞ்சு'க்குப் போவது வங்காள நடுத்தர வர்க்கத்தின் பழைய வழக்கம். மதுபூர், கிரிடி, தேவ்கர், ஹஜாரிபாக் என்று மேற்குப் பக்கம் ரயிலேறுவார்கள். ராயின் நாயகர்களும் அப்படித்தான் கிளம்புகிறார்கள். வனத்துறை பங்களா, சர்க்யூட் ஹவுஸ், ரயில்வே ஊர் ஒன்றின் சிறிய ஹோட்டல் என்று ஏதோ ஓரிடத்தில் தங்குகிறார்கள். பழகிய தெரு இல்லை, தெரிந்த முகம் இல்லை. நான் இன்னார் என்று சொல்ல அவர்களிடம் மிஞ்சியிருப்பது ஒரு பெட்டியும் ஒரு பெயரும்தான். அந்த நேரம் பார்த்துத்தான் கதை அவர்களைச் சோதிக்கிறது.

'ககம்' கதையில் அந்த இடம் ராஜஸ்தானத்துப் பரத்பூர். கதைசொல்லியும் தூர்ஜடிபாபுவும் அங்கே காட்டு விடுதியில் அறிமுகமாகிறார்கள். காட்டுக்குள் இம்லி பாபா என்ற சாமியார் இருக்கிறார். இம்லி என்றால் இந்தியில் புளி. புளியமரத்துக்கும் பேய்க்கும் உள்ள உறவை நம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சாமியார் ஒரு ராஜநாகத்துக்குப் பால் வைக்கிறார், பால்கிஷன் என்று பெயர் சொல்லி அழைக்கிறார். தூர்ஜடிபாபுவுக்குச் சாமியார்கள் என்றாலே ஆகாது. பாம்பு பால் குடிக்குமா, எல்லாம் ஏமாற்று என்று அவர் சொல்வதில் பொய் ஒன்றும் இல்லை. அவர் அதோடு நின்றிருந்தால் கதையே இல்லை. தம் வாதத்தை நிரூபிக்கிறவர்போல ஒரு கல்லை எடுத்து அந்தப் பாம்பைக் கொன்றுவிடுகிறார். சாமியார் கத்துவதில்லை. ஒரு பால்கிஷன் போனால் இன்னொரு பால்கிஷன் வருவான் என்ற பொருளில் ஏதோ சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். அன்றிரவிலிருந்து தூர்ஜடிபாபுவின் தோலில் புள்ளி புள்ளியாகத் தடிப்பு. உடம்பு சில்லிட்டுப் போகிறது. பேச்சில் சீற்றம் கலக்கிறது. பழைய கதை ஒன்றின் பெயர்கள் முணுமுணுப்பாக அவர் வாயில் வருகின்றன.

அந்தப் பழைய கதை மகாபாரதத்தின் ஆதி பர்வத்தில் இருக்கிறது. ருருவின் பிரியத்துக்குரிய பிரமத்வரை பாம்பு தீண்டி இறக்கிறாள். தன் ஆயுளில் பாதியைக் கொடுத்து ருரு அவளை மீட்கிறான். அன்று முதல் கண்ணில் பட்ட பாம்பையெல்லாம் அடித்துக் கொல்வது அவன் விரதம். ஒருநாள் கிழட்டுத் துண்டுபம் ஒன்றின்மேல் தடியை ஓங்குகிறான். துண்டுபம் விஷமில்லாத பாம்பு. அது வாய் திறந்து பேசுகிறது. தான் சகஸ்ரபாதன் என்ற முனிவன் என்றும், வேள்வியில் இருந்த நண்பன் ககமனைப் புல்லால் செய்த பாம்பைக் காட்டி விளையாட்டாகப் பயமுறுத்தியதற்கு இந்தச் சாபம் வாய்த்தது என்றும் சொல்கிறது. எந்த உயிரையும் வதைக்காமல் இருப்பதே மேலான தர்மம் என்ற உபதேசத்தை ருருவுக்குச் சொல்வது அந்தப் பாம்புதான். ஒருவன் செய்த தீங்குக்கு அவன் இனம் முழுவதையும் அழிக்கலாமா என்பது ஆதி பர்வத்தின் அடியில் ஓடும் கேள்வி. ஜனமேஜயனின் சர்ப்ப யாகம் வரை அது தொடர்கிறது.

ராய் இந்த வேரைத் தொட்டுவிட்டு, விளக்கம் எதுவும் சொல்லாமல் நகர்ந்துவிடுகிறார். தம் நாயகனுக்கு அவர் வைத்த பெயரைப் பாருங்கள். தூர்ஜடி என்பது சடைமுடிச் சிவனின் பெயர். பாம்பை ஆபரணமாகப் பூண்டவன் அவன். அந்தப் பெயரைத் தாங்கியவர் பாம்பைக் கல்லால் அடிக்கிறார்.

கதை முடியும் இடம்தான் என்னை நெடுநாள் விடாமல் பிடித்துவைத்தது. தூர்ஜடிபாபுவைக் காணவில்லை. கதைசொல்லி காட்டுக்குள் போகிறார். அங்கே ஒரு சட்டை கிடக்கிறது. பாம்பு உரித்துப் போடுவதுபோல உரித்துப் போட்ட சட்டை. ஆனால் வடிவம் மனிதனுடையது. பிருகதாரண்யக உபநிடதத்தில் ஓர் உவமை உண்டு. புற்றின்மேல் பாம்புச் சட்டை கிடப்பதைப்போல, விடுதலை அடைந்தவனின் உடல் கிடக்கிறது. அவன் உடலற்றவனாக, ஒளியாகிவிட்டான் என்கிறது. பிரம்ம சமாஜத்துக்கு உபநிடதங்களே ஆதாரம். அந்த வீட்டில் வளர்ந்தவர் எழுதிய கதையையும் இந்த உவமையையும் அருகருகே வைத்தால், உவமை தலைகீழாகக் கவிழ்ந்து கிடப்பது தெரியும். உபநிடதத்தில் உடலை உரித்துவிட்டுப் போவது பிரம்மம். ராயின் கதையில் மனிதத் தோலை உரித்துவிட்டுப் போவது பாம்பு. விடுதலைக்குச் சொன்ன உவமை இங்கே தண்டனைக்கு ஆகிறது. அதோடும் முடியவில்லை. கொன்றவனே கொல்லப்பட்டதாக மாறி, கிழவரின் கையால் பால் வாங்கிக் குடிக்கப் போகிறான். தண்டனைதானா, அல்லது இழந்த பிள்ளையைக் கிழவருக்குத் திருப்பிக் கொடுத்த ஈடா? இந்தக் கேள்வியை மூடாமல் விட்டதுதான் 'ககம்' கதையின் உயரம் என்பேன்.

உயிர்க்கொலையின் கணக்கு வேறு கதைகளிலும் வருகிறது. சாஸ்மல் என்பவரின் கடைசி இரவைச் சொல்லும் கதையில், அவர் எப்போதோ கொன்ற உயிர்கள் காட்டு பங்களாவுக்கு ஒவ்வொன்றாக வந்து சேர்கின்றன, கடைசியில் வருவது மனிதன். நல்ல கதைதான். ஆனால் கணக்குப் புத்தகம்போல நேராகப் போகிறது. 'ககம்' தரும் கலக்கம் இதில் இல்லை. 1962-ல் வந்த 'செப்டோபஸின் பசி' இதைவிட ஆழமானது. தாவரவியல் அறிஞர் ஒருவர் மத்திய அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த ஊனுண்ணிச் செடி கல்கத்தாவுக்கு அருகில் பாராசத்தில் வளர்கிறது. ஏழு கை, தீராத பசி. அதைச் சுட வந்திருப்பவர் ஒரு வேட்டைக்காரர். பொழுதுபோக்குக்காகக் கொன்றவர், பசிக்காகக் கொல்லும் ஒன்றை எதிர்கொள்கிறார். இந்த இருவரில் யார் கொடியவர் என்பதைக் கதை வாய்விட்டுக் கேட்கவில்லை.

இனி 'காக்தாடுவா'. நம் ஊரில் சோளக்கொல்லைப் பொம்மை என்போம். ராயின் கதைகளில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான். எழுத்தாளர் மிருகாங்கபாபுவின் கார் பெட்ரோல் தீர்ந்து நடுவழியில் நிற்கிறது. ஓட்டுநர் பெட்ரோல் தேடிப் போய்விடுகிறார். மாலை மங்குகிறது, குளிர் ஏறுகிறது, அறுவடை முடிந்த வயலில் ஒரு பொம்மை மட்டும் நிற்கிறது. அது போட்டிருக்கும் சிவப்பும் கறுப்புமான பழைய சட்டையை எங்கேயோ பார்த்ததுபோல இருக்கிறது அவருக்கு. அது அவரே போட்டுக் கழித்த சட்டை. வீட்டில் இருபது வருடம் வேலை செய்த அபிராமுக்குக் கொடுத்தது. தங்கக் கடிகாரம் காணாமல் போனபோது, மந்திரவாதியை வரவழைத்து, முறமும் அரிசியும் வைத்துச் சடங்கு செய்து, அபிராம்தான் திருடன் என்று முடிவுகட்டி அவனை அனுப்பிவிட்டார்கள். பொம்மை வயலிலிருந்து மெல்ல நடந்து வருகிறது. கடிகாரம் அலமாரிக்கு அடியில் கிடக்கிறது என்கிறது. வேலை போன பிறகு தனக்கு என்ன ஆயிற்று என்பதையும் சொல்கிறது. மிருகாங்கபாபு விழித்துக்கொள்கிறார், கனவுதான். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் கடிகாரம் அலமாரிக்கு அடியில் இருக்கிறது.

முன்சொன்ன முரண்பாட்டுக்கு விடை இந்தக் கதையில் இருக்கிறது. ஓர் ஏழையைத் திருடன் ஆக்கியது மூடநம்பிக்கை. அந்த ஏழை குற்றமற்றவன் என்று காட்டியதும் அறிவுக்கு எட்டாத ஒன்றுதான். ராய் மந்திரவாதியின் பக்கம் போகவில்லை, பேய் இல்லை என்பவரின் பக்கமும் போகவில்லை. இருபது வருடம் தனக்குச் சோறு போட்டவனின் சொல்லைவிட முறத்தை நம்பியவரின் எதிரே, அவர் கழித்துப் போட்ட சட்டையை நிறுத்தி வைக்கிறார். 'ககம்' கதையில் தோல் ஒரு சட்டை, இங்கே சட்டை ஒரு தோல். உள்ளே இருந்த மனிதனை யாரும் பார்க்கவில்லை என்பதே இரண்டிலும் உள்ள குற்றம்.

மனிதன் தன்னையே பார்க்கத் தவறுவதைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார். 'ரத்தன்பாபுவும் அந்த ஆளும்' கதையில் ரத்தன்பாபுவுக்கு நண்பர்கள் குறைவு. தம் ரசனைக்கு ஒத்துவருபவர் யாரும் கிடைப்பதில்லை என்பது அவர் குறை. சீனி என்ற ரயில்வே ஊருக்குப் போகிறார். அங்கே மணிலால் மஜும்தார் வந்து சேர்கிறார். முகம், வயது, சம்பளம், பழக்கம் எல்லாவற்றிலும் அச்சு அசலாக அவரே. இத்தனை நாள் தேடியவர் கிடைத்துவிட்டார். முதலில் வியப்பு, பிறகு சலிப்பு, பிறகு வெறுப்பு. ஒருநாள் மாலை ரயில் பாலத்தின்மேலிருந்து அந்த ஆளைக் கீழே தள்ளிவிடுகிறார். மறுநாள் அதே நேரம், அதே பாலம். பின்னாலிருந்து ஒரு கை. என்னைப்போல ஒருவர் வேண்டும் என்று ஏங்குகிறோம். ஆனால் நானேயான ஒருவர் வந்துவிட்டால் அப்புறம் நான் எதற்கு? தனித்தன்மை என்று நாம் பெருமையோடு சொல்லிக்கொள்வது எவ்வளவு மெல்லிய நூல் என்பதை, ஒரு குமாஸ்தாவின் விடுமுறையை வைத்துக் காட்டிவிடுகிறார்.

'பிபின் சௌதுரியின் மறதி' கதையில் பேய் வருவதில்லை, அச்சம் குறைவதுமில்லை. நியூ மார்க்கெட் புத்தகக் கடையில் முன்பின் தெரியாத ஒருவர் வந்து, 1958-ல் ராஞ்சியில் சந்தித்தோமே என்கிறார். பிபின்பாபு ராஞ்சிக்குப் போனதே இல்லை. ஆனால் அவரைப் பற்றிய அந்தரங்கத் தகவல்களெல்லாம் அந்த ஆளுக்குத் தெரிந்திருக்கின்றன. வேறு நண்பரும் ஆமாம், நீ போயிருந்தாய் என்கிறார். தம் நினைவா, பிறர் சாட்சியா, எது உண்மை? நேற்றைய நானும் இன்றைய நானும் ஒருவரே என்று சொல்ல நினைவே ஆதாரம் என்று 17-ஆம் நூற்றாண்டின் ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக் வாதிட்டார். அந்த ஆதாரத்தை ஒரு கூட்டுப்பொய் எவ்வளவு எளிதில் அசைத்துவிடுகிறது என்பதே கதை. கடைசியில் காரணம் தெரிகிறது. வேலையில்லாமல் உதவி கேட்டு வந்த பழைய நண்பர் சுனிலாலை பிபின்பாபு கண்டுகொள்ளாமல் அனுப்பிவிட்டார். நாடகம் முழுவதும் சுனிலால் போட்டது. நீ என்னை மறந்தாய், உன்னையே நீ மறந்தால் எப்படி இருக்கும் என்று கேட்காமல் கேட்கிறார் அவர்.

இந்தக் கதையை 2021-ல் நெட்பிளிக்ஸ் 'ரே' தொடரில் படமாக்கினார்கள். நாயகன் பெரும் தொழிலதிபர் ஆகிவிட்டார். அவர் செய்த கொடுமைகள் பெரியவை, அவரைப் பழிவாங்குவது ஒரு பெண். மூலத்தில் இல்லாத பெண்கள் வந்ததை நான் வரவேற்கிறேன். ஆனால் குற்றத்தைப் பெரிதாக்கியது தவறு. ஏழை நண்பனுக்கு ஐந்து நிமிடம் கொடுக்காத குற்றம் நம் எல்லோருடையது. மூலக்கதையின் அச்சமே அங்கிருந்துதான் வருகிறது.

தனிமனிதனின் கணக்கைப்போல நாட்டுக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 'நீல் ஆதங்க', நீலச் சாயத்தின் பயங்கரம், அதைத் தொடுகிறது. வங்காளக் குடியானவர்களை அடித்து உதைத்து அவுரி பயிரிட வைத்த வெள்ளைக்காரத் தோட்டக்காரர்களை எதிர்த்து 1859-60-ல் பெரும் கிளர்ச்சி எழுந்தது. தீனபந்து மித்ரா 1860-ல் 'நீல் தர்பண்' நாடகத்தை எழுதினார். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டதற்காகப் பாதிரியார் ஜேம்ஸ் லாங் ஆயிரம் ரூபாய் அபராதமும் ஒரு மாதச் சிறையும் பெற்றார். ராயின் கதையில் கல்கத்தா ஊழியர் அனிருத்த போஸ், தும்காவுக்குப் போகும் வழியில் கார் பழுதாகிப் பழைய அவுரித் தோட்டத்து பங்களா ஒன்றில் தங்குகிறார். நள்ளிரவில் விழித்தால் அவர் கை வெள்ளைக்காரன் கையாக இருக்கிறது. ஆண்டு 1868. அந்தக் கை இறகுப் பேனாவால் ஆங்கிலத்தில் தன் கடைசி நாட்குறிப்பை எழுதுகிறது. தான் போனபிறகு ஊர்க்காரர்கள் வதைப்பார்களே என்று செல்ல நாயைச் சுடுகிறது, பிறகு தன்னையே சுட்டுக்கொள்கிறது.

சுலபமான வழி, செத்த குடியானவனின் ஆவி வந்து பழிவாங்குவது. ராய் அந்த வழியில் போகவில்லை. கொடுமை செய்தவனின் தனிமையை, கொடுமைக்கு உள்ளானவர்களின் வழிவந்த ஒருவர் தம் உடம்பால் அனுபவிக்க வேண்டியிருக்கிறது. வரலாற்றைப் படிக்கும்போது நாம் எப்போதும் அடிபட்டவன் பக்கம் நிற்கிறோம். ஓர் இரவு மறுபக்கத்துத் தோலுக்குள் இருந்து பார்க்க நேர்ந்தால்? மன்னிப்பு என்ற சொல் கதையில் எங்கும் இல்லை. இதன் மென்மையான தம்பி 'ப்ரவுன் சாகிபின் வீடு'. பெங்களூர் ஃப்ரேசர் டவுனில், தனிமையில் வாழ்ந்த ஆங்கிலேயர் ஒருவரின் பழைய நாட்குறிப்பில் சைமன் என்ற பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. அந்தச் சைமனின் ஆவியைக் காண அந்த வீட்டில் போய் உட்காருகிறார்கள். சாய்வு நாற்காலியில் வந்து படுப்பது ஒரு கறுப்புப் பூனை.

எல்லாக் கதைகளையும் நான் சொன்ன ஒரே கேள்விக்குள் அடைத்துவிட முடியாது. 'அநாத்பாபுவின் பயம்' வேறு தளத்தில் நிற்கிறது. அநாத்பாபு வாழ்நாளெல்லாம் பேய் வீடுகளைத் தேடித் தங்கியவர், ஆராய்ச்சிக்காரர். ரகுநாத்பூரில், இரவு தங்கியவர் யாரும் மீளாத ஹால்தார் வீட்டில் தங்கப் போகிறார். மறுநாள் காலை வந்து, கண்டேன், வாருங்கள் காட்டுகிறேன் என்று கதைசொல்லியை அழைத்துப் போகிறார். அறையில் கிடப்பது அநாத்பாபுவின் பிணம். கண்டவர் வாய் திறப்பதில்லை என்று நம்மிடம் ஒரு பேச்சு உண்டு. இவர் கண்ட பிறகும் வாய் திறக்கிறார். சிலவற்றை அறிய ஒரே வழி அதுவாகவே ஆகிவிடுவதுதான் என்றால், அறிவு வேண்டுமா? 'ஃப்ரிட்ஸ்' இதைவிட விசித்திரம். சிறுவயதில் உயிராய் நேசித்து, நாய்கள் கடித்துக் குதறியதால் தேவதாரு மரத்தடியில் புதைத்த சுவிட்சர்லாந்துப் பொம்மையை, பூந்தி ஊருக்குப் பல வருடம் கழித்து வந்தவர் தோண்டிப் பார்க்கிறார். ஓர் அடி நீளத்தில் முழு மனித எலும்புக்கூடு. ஒன்றுக்கு உயிர் கொடுப்பது எது? நேசமா? அப்படியானால் நாம் நேசித்து, பிறகு மறந்தவற்றுக்கு என்ன ஆகிறது?

குறைகளும் உண்டு. பிற்காலக் கதைகளில் முடிவை முன்பே ஊகித்துவிடலாம். பொம்மை தன் எஜமானை மீறும் 'பூதோ' திறமையான வேலைதான். ஆனால் 'ஃப்ரிட்ஸ்' எட்டிய இடத்தை அது எட்டவில்லை. பெரிய குறை, பெண்கள் இல்லாதது. 'சாருலதா'வை எடுத்தவரின் சிறுகதை உலகில் பெண்குரல் கேட்பதே அபூர்வம். இதனால் பேய் எப்போதும் வீட்டுக்கு வெளியே, விடுதியிலும் பங்களாவிலும்தான் நிற்கிறது. 1943-ல் புதுமைப்பித்தன் எழுதிய 'காஞ்சனை'யை நினைத்துப் பாருங்கள். அங்கே அச்சம் வீட்டுக்குள், எழுத்தாளரின் படுக்கைக்குப் பக்கத்தில், மனைவி இரக்கப்பட்டு உள்ளே அழைத்த பெண்ணின் உருவில் இருக்கிறது. பயப்படும் எழுத்தாளருக்கும் பயப்படாத மனைவிக்கும் நடுவே உள்ள இடைவெளியே அந்தக் கதை. ராய் போகாத அறை அது. புதுமைப்பித்தனில் பேய் என்ன என்பதற்கு விடையில்லை. ராயில் பேய் ஏன் வந்தது என்பது பெரும்பாலும் நமக்குத் தெரிந்துவிடுகிறது. முன்னதில் இருள் கூடுதல், பின்னதில் அறம் கூடுதல். எனக்கு இரண்டும் வேண்டும்.

பிள்ளைகளுக்கு எழுதியதில் இத்தனை பாரம் ஏற்றலாமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். செய்யாத குற்றத்துக்கு அடி வாங்குவது எப்படி இருக்கும் என்பதும், ஓணானைக் கல்லால் அடித்துவிட்டு இரவில் தூக்கம் வராமல் கிடப்பதும் பிள்ளைகளுக்குத்தான் நன்றாகத் தெரியும். ராய் பிள்ளைகளுக்கு எழுதியதால்தான் இந்தக் கேள்விகளைச் சுற்றிவளைக்காமல் கேட்க முடிந்தது.

இந்தக் கதைகளுக்குள் புதிதாக நுழைகிறவர்கள் ஒன்று செய்யுங்கள். கும்பகோணம் பதிப்பு மகாபாரதம் வீட்டிலோ நூலகத்திலோ இருந்தால், ஆதி பர்வத்தில் ருருவும் துண்டுபமும் பேசும் பகுதியை முதலில் படியுங்கள். சில பக்கங்கள்தான். பிறகு 'ககம்'. அதே இரவில் 'காக்தாடுவா'வையும் படித்துவிடுங்கள்.